பத்துக்கு எட்டுப் பேர் அடிமையோ? உலகக் கணக்கும் ஊர்க் கணக்கும்

வடலி | 2025.03.04, இரவு 8.12

மேடையில ஏறிற ஒவ்வொருத்தரும் "எங்கட பெடியளில பத்துக்கு எட்டுப் பேர் போதைக்கு அடிமை" எண்டு சொல்லிப்போட்டு இறங்கினம். கைதட்டும் விழுகுது. உலகம் முழுக்க இந்த வீதம் எவ்வளவு? யாழ்ப்பாணம் உண்மையா உலகத்தைத் தாண்டிப் போட்டுதோ, இல்லாட்டி வாயில வந்த இலக்கமோ? தெரிஞ்ச ஆக்கள் இலக்கத்தோட எழுதுங்கோ. "சமுதாயம் சீரழியுது" வகைப் பதில் வேண்டாம், அது என்னட்டயே நிறையக் கிடக்கு.

கணக்கன் | 2025.03.04, இரவு 10.47

பத்துக்கு எட்டு எந்தக் கணக்கெடுப்பிலயும் வராது. இலங்கை முழுக்க 2015இல் எடுத்த தொற்றாநோய்க் காரணிக் கணக்கெடுப்பில புகைக்கிற ஆண்கள் 29.4 வீதம். முந்தின 30 நாளுக்குள்ள மது குடிச்ச ஆண்கள் 34.8 வீதம். பெண்களில 0.1, 0.5. அதாவது மூண்டு ஆம்பிளையில ரெண்டு பேர் அந்த மாசம் குடிக்கவே இல்லை. இதை ஒருத்தரும் மேடையில சொல்லுறதில்லை. "இப்ப ஆர் குடிக்காமல் இருக்கினம்" எண்டு பெரியாக்கள் கதைக்கிற கதைதான் பெடியளுக்குப் போற முதல் விளம்பரம்.

உலகக் கணக்கு, சுருக்கமா:

புகையிலை (உலக சுகாதார நிறுவனத்தின்ர 2023ஆம் ஆண்டுக் கணக்கு): பாவிக்கிறவை ஏறக்குறைய 130 கோடி. அதில 80 வீதம் எங்களைப் போல வருமானம் குறைஞ்ச, நடுத்தர நாடுகளில. வருசத்துக்கு 80 இலட்சத்துக்கு மேல சாவு. அதில 13 இலட்சம் பேர் புகைக்காதவை, பக்கத்தில நிண்டு இழுத்தவை.

மது: 2019இல் 26 இலட்சம் சாவு, உலகத்தில நடந்த எல்லாச் சாவிலயும் 4.7 வீதம். அதே வருசம் 40 கோடிப் பேருக்கு மதுக் கோளாறு, அதுக்குள்ள 20.9 கோடி தங்கியிருத்தல் நிலை, அதாவது அது இல்லாமல் இருக்க ஏலாத நிலை.

சட்டவிரோதப் போதை: 2022இல் 29.2 கோடிப் பேர் பாவிச்சினம். அதில 22.8 கோடி கஞ்சா, 6 கோடி ஹெரோயின் வகை. கோளாறு எண்ட நிலைக்குப் போனவை 6.4 கோடி. அதில பதினொண்டுக்கு ஒராளுக்குத்தான் சிகிச்சை கிடைக்குது. 2019இல் சாவு 6 இலட்சம்.

சூது: 2024இல் லான்செட் மருத்துவ இதழின்ர ஆணைக்குழு போட்ட மதிப்பு, கோளாறு நிலையில 8 கோடிப் பெரியவர்கள்.

சாவு 80, 26, 6 இலட்சம். இந்த மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. பேப்பரில வாற தலைப்பு இதுக்கு நேரெதிர் வரிசையில நிக்குது.

சந்திக்கடை | 2025.03.04, இரவு 11.05

தேத்தண்ணியையும் சேர்த்தால் பத்துக்குப் பத்து. மேடைக்காரர் சொன்னது குறைவு.

கணக்கன் | 2025.03.05, காலை 6.20

பகிடிக்குச் சொன்னாலும் அதில விசயம் இருக்கு. ஐ.சி.டி-11இல் (உலக சுகாதார நிறுவனத்தின்ர நோய்ப் பட்டியல்) கஃபீன் விலகல், அதாவது நிப்பாட்டினால் வாற உபாதை, எண்டு ஒரு நிலை இருக்கு, கஃபீன் தங்கியிருத்தல் எண்டு இல்லை. நிப்பாட்டி 12–24 மணித்தியாலத்தில தலையிடி தொடங்கும், 2 நாளுக்குள்ள உச்சம், கூடினால் 9 நாள். கந்தசஷ்டி விரதத்தில ரெண்டாம் நாள் தலை வெடிக்குது எண்டு சொல்லுற ஆக்களில ஒரு பகுதிக்குப் பசியில வந்த தலையிடி இல்லை, தேத்தண்ணி இல்லாததில வந்தது. விரதத்துக்கு ஒரு கிழமைக்கு முதலே நாளுக்கு ஒரு கோப்பையாக் குறைச்சுக்கொண்டு வந்தால் வராது.

வடலி | 2025.03.05, மாலை 5.31

ஒரு இடத்தில மதுக்கு 40 கோடி. இன்னொரு கட்டுரையில 24 கோடி. வேறொண்டில 10 கோடி. எதை நம்புறது?

கணக்கன் | 2025.03.05, இரவு 9.58

மூண்டும் நல்ல இடத்து இலக்கம். மூண்டும் வேற வேற ஆக்களை எண்ணியிருக்கு.

10 கோடி: உலக நோய்ச்சுமை ஆய்வின் 2016ஆம் ஆண்டுக் கணக்கு. தங்கியிருத்தல் நிலை மட்டும்.

24 கோடி: போதைப் பழக்கங்களைப் பற்றி 2015இல் வந்த உலகளாவிய நிலை அறிக்கை. பெரியவர்களில 4.9 வீதம். தங்கியிருத்தலோட தீங்கான பாவனையையும் சேர்த்தது.

40 கோடி: உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட, 2019ஆம் ஆண்டுக்கான கணக்கு. 15 வயதுக்கு மேல எல்லாரும்.

இதைப் பார்த்து "பத்திலயிருந்து நாப்பதுக்கு ஏறிட்டுது" எண்டு ஒருத்தர் எழுதினால் அவர் கோட்டை, அதாவது எதில இருந்து நோய் எண்டு எண்ணுறது எண்ட எல்லையை, பார்க்கேல்லை எண்டு அர்த்தம். டி.எஸ்.எம்-5இல் (அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின்ர நோய்க் கையேடு) 11 அறிகுறியில 12 மாதத்துக்குள்ள 2 இருந்தாலே மெல்லிய கோளாறு, 4 நடுத்தரம், 6 கடுமை. பழைய டி.எஸ்.எம்-4இல் தங்கியிருத்தலுக்கு 7இல் 3 வேணும். நினைச்சதிலும் கூடக் குடிக்கிறது ஒண்டு, குறைக்கப் பார்த்து ஏலாமல் போறது ரெண்டு. இந்த ரெண்டும் இருக்கிறவர் புதுக் கோட்டில உள்ள, பழைய கோட்டில வெளியில.

ஆகவே ஆராவது வீதம் சொன்னால் நாலு கேள்வி கேளுங்கோ. ஆரை எண்ணினது, எந்தக் கோட்டில எண்ணினது, எத்தினை நாளுக்குள்ள, எத்தினை பேரில. நாலுக்கும் பதில் இல்லாட்டி அது இலக்கமில்லை, சத்தம்.

மருந்துச்சீட்டு | 2025.03.06, காலை 7.15

கணக்கன் சாவை மட்டும் வைச்சு 80, 26, 6 எண்டு வரிசைப்படுத்தினது பாதிதான் சரி. புகையிலை ஆளை 60, 70இல் கொண்டு போகும். ஹெரோயின் 22 வயதுப் பெடியனைக் கொண்டு போகும். ரெண்டையும் "ஒரு சாவு" எண்டு எழுதினால் தாய்க்குப் பதில் சொல்ல ஏலாது. அதுக்குத்தான் இழந்த ஆயுள் ஆண்டோட நோயோட வாழ்ந்த ஆண்டையும் கூட்டுற முறை இருக்கு. நீங்கள் சொன்ன அதே 2015 அறிக்கையில, ஒரு இலட்சம் பேருக்கு மதுவால 257 ஆண்டு, சட்டவிரோதப் போதையால 83 ஆண்டு இழப்பு. வரிசை மாறேல்லை, ஆனால் இடைவெளி சுருங்குது. 26க்கு 6 எண்டால் நாலு மடங்குக்கு மேல. 257க்கு 83 எண்டால் மூண்டு மடங்கு.

கணக்கன் | 2025.03.06, காலை 7.40

ஏற்கிறன். ஆனால் அதிலயும் மனிசி வாங்கின அடியும் பிள்ளை விட்ட பள்ளிக்கூடமும் வராது. குடிக்கிறவரின்ர உடம்பு மட்டும்தான் வரும்.

தவறணை ஓரம் | 2025.03.06, இரவு 8.50

எங்கட ஊரில பனங்கள்ளையும் சாராயத்தையும் ஒண்டாச் சேர்த்துத்தான் எல்லாரும் கதைக்கினம். கள்ளு இயற்கை, உடம்புக்குக் குளிர்ச்சி. உலகக் கணக்கில கள்ளுக்கு எண்டு தனி இடம் இல்லை.

மருந்துச்சீட்டு | 2025.03.06, இரவு 10.22

உடம்புக்குள்ள போனால் கள்ளு, சாராயம் எண்டு வித்தியாசம் இல்லை, எதனோல் (மதுச்சாரம்) கிராம்தான். கணக்கு லேசு: மி.லி. பெருக்கல் வீதம் பெருக்கல் 0.789 (எதனோலின்ர அடர்த்தி).

சாராயம் 33.5 வீதம். 180 மி.லி. கால் போத்தல் எடுத்தால் 180 × 0.335 × 0.789 = 47.6 கிராம். முழுப் போத்தல் 750 மி.லி. ஏறக்குறைய 198 கிராம்.

கடும் பியர் 8.8 வீதம், 625 மி.லி. போத்தல்: 43 கிராம். "பியர்தானே" எண்டு சொல்லுறவை இதைக் கால் போத்தலுக்குப் பக்கத்தில வைச்சுப் பார்க்கட்டும்.

கள்ளு 5 வீதம் எண்டு வைப்பம், 750 மி.லி. போத்தல்: 29.6 கிராம்.

ஒரே அமர்வில 60 கிராமோ அதுக்கு மேலயோ போனால் அதை மிகைக்குடி எண்டு உலக சுகாதார நிறுவனம் எண்ணுது. 2019இல் குடிக்கிறவையில 38 வீதம் பேர் ஒரு மாதத்துக்குள்ள ஒருக்காவாவது அந்தக் கோட்டைத் தொட்டிருக்கினம். கள்ளில ரெண்டு போத்தல் கிட்டத்தட்ட அந்தக் கோட்டில நிக்கும். தவறணையில (கள்ளுக்கடையில) ரெண்டு போத்தலோட எழும்பிறவை எத்தினை பேர் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

தவறணை ஓரம் | 2025.03.07, காலை 6.02

காலைக் கள்ளுக்கும் பின்னேரக் கள்ளுக்கும் ஒரே 5 வீதம் போடக்கூடாது. முட்டியில விழத் தொடங்கினவுடனேயே நொதிக்கத் தொடங்குது. காலையில இறக்கினதைப் பின்னேரம் குடிச்சால் ஏறின கள்ளு. சுண்ணாம்பு பூசின முட்டியில விழுந்தால் கருப்பநீர், அதில மது இல்லை, குழந்தையும் குடிக்கலாம். சுண்ணாம்பைக் குறைச்சுப் பூசினால் பாதி நொதிச்சு ரெண்டுங்கெட்டானா நிக்கும்.

கசிப்பை, களவாக் காய்ச்சிற சாராயத்தை, விட்டுட்டீங்கள். அதில வீதம் எழுதின லேபிளும் இல்லை, உங்கட பெருக்கலும் இல்லை. கோடாவில (காய்ச்சிறதுக்குப் போடுற ஊறலில) என்ன போட்டவன் எண்டு காய்ச்சினவனுக்குத்தான் தெரியும்.

மருந்துச்சீட்டு | 2025.03.07, மாலை 6.44

முட்டிக் கதை சரி. கசிப்புக்கு ஒண்டு சேர்க்கவேணும். கண் போறதுக்குக் காரணமான மெதனோல், சீனி நொதிச்சு வாற கோடாவில மிகச் சொற்பம். கூட்டமாச் சாகிற சம்பவங்களில பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோலை ஆராவது கலந்திருப்பினம். குடிச்ச உடனே ஒண்டும் தெரியாது. 12–24 மணித்தியாலம் கழிச்சு வயித்துவலி, மூச்சு வேகம், பனிக்குள்ள நிண்டு பார்க்கிற மாதிரிப் பார்வை. சேர்த்து நல்ல சாராயமும் குடிச்சிருந்தால் இன்னும் பிந்தும், ஏனெண்டால் ஈரல் முதல் எதனோலைத்தான் உடைக்கும். "நேற்றுக் குடிச்சது, இண்டைக்கு என்ன செய்யப்போகுது" எண்டு வீட்டில படுக்க வைக்காதையுங்கோ. 1990 அம்புலன்சுக்கு அடிச்சு, என்ன குடிச்சது எண்டதையும் எத்தினை மணிக்கு எண்டதையும் சொல்லி அனுப்புங்கோ. கூடக் குடிச்ச மற்றவையையும் தேடிப் பிடியுங்கோ.

கோண்டாவில் கிழக்கு | 2025.03.08, பகல் 1.17

சாப்பாட்டில கலக்கிற மாத்திரை எண்டு ஒண்டு இருக்காம், குடிக்கிறவருக்குத் தெரியாமல் குடுக்கலாமாம், முகநூலில விளம்பரம் வருகுது. உண்மையா வேலை செய்யுமோ?

மருந்துச்சீட்டு | 2025.03.08, பகல் 2.05

செய்யும். அதுதான் ஆபத்து.

டைசல்ஃபிராம் (குடியை விட வைத்தியர் குடுக்கிற மாத்திரை) ஈரலில, மதுவில இருந்து வாற அசிட்டால்டிகைட் எண்ட நச்சை உடைக்கிற நொதியத்தை மறிக்குது. அதுக்கு மேல மது போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி வந்து, இரத்த அமுக்கம் விழும். இதய நோயாளிக்கு உயிரே போகலாம். தெரிஞ்சு எடுக்கிறவர் அந்தப் பயத்தில போத்தலைத் தொடமாட்டார். மருந்தின்ர முழுப் பலனும் அந்தப் பயத்திலதான். தெரியாமல் குடுத்தால் பயம் இல்லை, விளைவு மட்டும் இருக்கு. கடைசியாக் குடிச்சு 12 மணித்தியாலமாவது போகாமல் தொடங்கக்கூடாது. நிப்பாட்டின பிறகும் ரெண்டு கிழமை வரை உடம்பில வேலை செய்யும். இருமல் பாணியில இருக்கிற மது, கைக்குப் பூசிற கிருமிநீக்கி, சவரத்துக்குப் பூசிற வாசனைத் தண்ணி கூடச் சிலருக்குக் காணும். ஈரல் பரிசோதனை இல்லாமல் தொடங்கிற மருந்தும் இல்லை.

விளம்பரத்தில வாற பொடியில என்ன இருக்கு எண்டு பெட்டியிலயே இராது.

மருந்துச்சீட்டு | 2025.03.08, இரவு 9.30

இதோட சேர்த்து எழுதவேண்டியது ஒண்டு. ஹெரோயினை விடுறதுதான் கஷ்டம், குடியை "மனம் வைச்சால்" ஒரே நாளில விடலாம் எண்டு நினைக்கினம். உடம்பு மறுபக்கம் நிக்குது. ஹெரோயினைத் திடீரெண்டு விட்டால் மூண்டு நாலு நாள் நரகம்: சத்தி, வயித்தோட்டம், எலும்பு முறியிற வலி. ஆனால் நீர் குறையாமல் பார்த்தால் சாவு மிக அரிது. நாள் முழுக்கக் குடிக்கிறவர் திடீரெண்டு விட்டால் சாகலாம்.

6–12 மணித்தியாலத்தில கை நடுக்கம், வியர்வை, நித்திரை இல்லை. 12–48இல் வலிப்பு வரலாம். 48–96இல் ஆள் மாறி, பூச்சி ஊருது எண்டு சுவரைத் தட்டுவார், காய்ச்சல், நாடி வேகம். பேய் பிடிச்சிட்டுது எண்டு கோயிலுக்குக் கொண்டு போறதும் இந்த நேரத்திலதான். ஆஸ்பத்திரியில டயசெபாம் வகை மருந்தைக் கூட்டிப் பிறகு படிப்படியாக் குறைச்சுச் சமாளிப்பினம். மற்றது தயமின், அதாவது விற்றமின் பி1. அது ஏறாமல் குளுக்கோஸ் சேலைனை மட்டும் ஏத்தினால் மூளையில வேர்னிக் எண்ட பாதிப்பு வரலாம். தனியார் இடத்தில "ரெண்டு சேலைன் அடிச்சு விடுங்கோ" எண்டு கேட்கிறவை, இவர் நாள்பட்ட குடிகாரர் எண்டதை மறைக்காமல் சொல்லவேணும்.

முந்தி ஒருக்கா வலிப்பு வந்தவர், காலை எழும்பினவுடனே நடுக்கத்துக்குக் குடிக்கிறவர்: இந்த ரெண்டு பேரும் வீட்டில நிப்பாட்டக்கூடாது. போதனா வைத்தியசாலை அல்லது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை உளநலப் பிரிவு.

வடலி | 2025.03.08, இரவு 10.11

அப்ப ஹெரோயின் பரவாயில்லை எண்டு எடுக்கிறதோ?

மருந்துச்சீட்டு | 2025.03.09, காலை 6.55

இல்லை. அதில ஆபத்து விட்டபிறகுதான் நிக்குது. நாளும் எடுத்த உடம்பு கூடின அளவைத் தாங்கப் பழகியிருக்கும். மறியல் (சிறை), புனர்வாழ்வு, ஆஸ்பத்திரி எண்டு ரெண்டு மூண்டு கிழமை விட்டால் அந்தத் தாங்கும் சக்தி விழுந்திடும். வெளியில வந்து பழைய அளவை ஒருக்கா எடுத்தால் மூச்சு நிக்கும். ஊசியில ஏத்தினால் இன்னும் கெதியா. வீட்டுக்கு வந்த முதல் கிழமைகளில சனம் "சுகமாகி வந்திட்டான்" எண்டு கவனிப்பை விடுற நேரம், சாவு கூடின நேரமும் அதுதான்.

அடையாளம்: கண்மணி ஊசிமுனை அளவு, சொண்டு நீலம், குறட்டை மாதிரிக் கரகரப்பு, நிமிசத்துக்கு 8–10 மூச்சுக்குக் கீழ. எலுமிச்சம் தண்ணி, மோர், உப்புத் தண்ணி ஒண்டும் வாயில ஊத்தாதையுங்கோ, நுரையீரலுக்குப் போகும். இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வைச்சு, நாடியை (தாடையை) உயர்த்தி, 1990. மூச்சு நிண்டால் வாயோட வாய் வைச்சு ஊதிக்கொண்டிருக்கவேணும். நலோக்சோன் எண்ட ஹெரோயின் முறிமருந்தை ஏத்தி எழும்பினாலும் ஆளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. அந்த மருந்து 30–90 நிமிசத்தில இறங்கும், ஹெரோயின் அதுக்குப் பிறகும் நிக்கலாம்.

ஐஸுக்கு (மெத்தம்பெட்டமின்) இப்படி ஒரு முறிமருந்து இல்லை. உடல் வெப்பம் ஏறுறது, ஆர்ப்பாட்டம், சந்தேக நோய்: இதுகளைத் தனித்தனியாத்தான் பார்ப்பினம். சிறுநீர் சுத்தமா இருந்த ஒவ்வொரு கிழமைக்கும் சின்னப் பரிசு குடுக்கிற முறைக்குத்தான் இதில நல்ல சான்று இருக்கு. ஊரில சொன்னால் "கள்ளனுக்குப் பரிசோ" எண்டு கேட்பினம்.

கடைவாய்ப்பல் | 2025.03.09, மாலை 4.40

இவ்வளவு எழுதியும் ஒருத்தரும் பாக்கைத் தொடேல்லை. நிக்கொட்டின், மது, கஃபீனுக்கு அடுத்ததா உலகத்தில கூடப் பாவிக்கிற நாலாவது போதைப்பொருள் பாக்கு எண்டு கணிப்பு, 60 கோடிப் பேர். புகையிலை இல்லாத வெத்திலைக் கூட்டையும், வெறும் பாக்கையும் 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிசருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில போட்டிட்டுது. சிகரெட் இருக்கிற அதே பிரிவு. இலங்கை ஆண்களில முன்னுக்கு நிக்கிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்.

"நான் புகையிலை போடுறதில்லை, பாக்கு மட்டும்" எண்டு சொல்லுறது பாதுகாப்பில்லை. பாக்கில இருக்கிற அரிக்கோலினும் செம்பும் கன்னத்தின்ர உட்புறத்தில நார் கட்ட வைக்கும். முதல் உறைப்புச் சாப்பிடேக்க எரியும். பிறகு கன்னம் வெளிறி, தோல் மாதிரி விறைக்கும். பிறகு வாய் திறக்காது. பாவிக்கிறதை விட்டாலும் கட்டின நார் பெரும்பாலும் திரும்பாது, பயிற்சியாலயும் ஊசியாலயும் கொஞ்சம் இளக்கலாம்.

வீட்டுச் சோதனை: உங்கட சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டா நெடுக்கா முன்பல்லுகளுக்கு இடையில விட்டுப் பாருங்கோ. மூண்டும் போகாட்டி பல் வைத்தியரிட்டப் போங்கோ. கண்ணாடிக்கு முன்னால, நல்ல வெளிச்சத்தில, ரெண்டு கன்னத்தையும் இழுத்துப் பாருங்கோ, நாக்கின்ர ரெண்டு ஓரமும், நாக்குக்குக் கீழயும். துணியால துடைச்சும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண். சிவப்பு வெள்ளையிலும் பொல்லாதது. வலி இல்லை எண்டு விடாதையுங்கோ, தொடக்கத்தில வலி இராது.

மாவா எண்டு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில விக்கிறது பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் ஒண்டாச் சேர்ந்த கலவை. 2016இல் புகையற்ற புகையிலைக் கலவைகளை இலங்கை தடை செய்தது. 21 வயதுக்குக் கீழ ஆருக்கும் புகையிலை விக்கக்கூடாது எண்டது 2006ஆம் ஆண்டுச் சட்டம். முறைப்பாடு குடுக்கிற இடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அல்லது பொலிஸ்.

சந்திக்கடை | 2025.03.09, இரவு 7.25

கலியாண வீட்டு வெத்திலைத் தட்டத்தைப் பொலிஸ் பிடிக்குமோ?

கடைவாய்ப்பல் | 2025.03.09, இரவு 7.31

தட்டத்தை வையுங்கோ, கும்பிடுங்கோ, வாய்க்குள்ள போடாதையுங்கோ.

சுருட்டுக்கொட்டில் | 2025.03.10, காலை 8.08

யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில திருவிதாங்கூருக்குக் கப்பலில போன சரக்கு. செம்மண் தோட்டக்காரன் பிள்ளையைப் படிப்பிச்சது அந்தக் காசில. இப்ப எல்லாப் பழியும் அதில. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கிறதில்லை, வாயில வைச்சு ஊதிறதுதான். சிகரெட் மாதிரி இல்லை.

கடைவாய்ப்பல் | 2025.03.10, பகல் 12.50

தோட்டக்காரன் கதை உண்மை, அதை மறுக்கேல்லை. ஆனால் நெஞ்சுக்குள்ள இழுக்காமலே நிக்கொட்டின் ஏறுறதுக்குக் காரணம், சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. வாய்த் தோலே அதை உறிஞ்சும். வெத்திலையில சுண்ணாம்பு செய்யிற வேலையும் இதுதான்: காரம் கூடினால் நிக்கொட்டின் கெதியா இரத்தத்துக்குப் போகும். நெஞ்சு தப்பினாலும் வாயும் தொண்டையும் தப்பாது.

இதையே விடுறதுக்கும் பாவிக்கலாம். நிக்கொட்டின் சூயிங்கம்மை மிட்டாய் மாதிரிச் சப்பித் துப்பிப்போட்டு "வேலை செய்யேல்லை" எண்டு சொல்லுறவைதான் கன பேர். மெதுவா ஏழெட்டுத் தரம் சப்புங்கோ. உறைப்பு மாதிரிச் சுணை வந்தவுடனே கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில ஒதுக்குங்கோ. சுணை போனபிறகு திரும்பச் சப்பி மற்றப் பக்கம். ஒரு துண்டு அரை மணித்தியாலம். அதுக்கு 15 நிமிசத்துக்கு முதலும் வாயில இருக்கேக்கயும் கோப்பி, சோடா, பழச்சாறு கூடாது, புளிப்பு வாயில இருந்தால் உறிஞ்சாது. எழும்பி 30 நிமிசத்துக்குள்ள முதல் சிகரெட் பத்துறவருக்கு 4 மி.கி., பிந்திப் பத்துறவருக்கு 2 மி.கி. முதல் ஆறு கிழமை 1–2 மணித்தியாலத்துக்கு ஒண்டு, நாளுக்கு 24க்கு மேல வேண்டாம்.

சிகரெட்டை விட்டால் வாற அந்தரத்தின்ர உச்சம் ரெண்டாம் மூண்டாம் நாள். ரெண்டு தொடக்கம் நாலு கிழமையில அடங்கும். பத்துப் பேரில ஒன்பது பேர் கோபம் அந்தச் சிகரெட் இல்லாததால வந்தது எண்டு விளங்காமல் மனிசியோட சண்டை பிடிப்பினம் (இந்தப் "பத்துக்கு ஒன்பது" மேடைக் கணக்கு, கணக்கன் பாயவேண்டாம்).

கணக்கன் | 2025.03.10, பகல் 1.02

பாயேல்லை. குறிச்சு வைச்சிருக்கிறன்.

கோண்டாவில் கிழக்கு | 2025.03.11, இரவு 9.14

போனில விளையாடுற பெடியள்? எங்கட பக்கத்தில கஞ்சாவை விட இதுதான் வீட்டுக்கு வீடு. சூது செயலிகளும் வருகுது.

கணக்கன் | 2025.03.11, இரவு 11.36

ரெண்டையும் பிரியுங்கோ. 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11இல் சூதுக் கோளாறும் விளையாட்டுக் கோளாறும் இருக்கு. கைத்தொலைபேசி அடிமை, முகநூல் அடிமை எண்டு அதில நோய் இல்லை. விளையாட்டுக் கோளாறுக்கு மூண்டு வேணும்: கட்டுப்பாடு போறது, மற்ற எல்லாத்துக்கும் மேல அது நிக்கிறது, கெடுதி தெரிஞ்சும் தொடருறது. பொதுவா 12 மாதம், படிப்போ வேலையோ வீடோ தெளிவாப் பாதிச்சிருக்கவேணும். விடுமுறையில நாளுக்கு ஆறு மணித்தியாலம் விளையாடுற பெடியன் சோம்பேறியா இருக்கலாம், நோயாளி எண்டு சொல்ல அது காணாது.

சூதில தீங்கு செய்யிறது வேகம். சுத்திற விளையாட்டில செயலி 5 வீதம் பிடிக்குது எண்டு வைப்பம். ஒரு சுத்துக்கு 50 ரூபா, நிமிசத்துக்கு 10 சுத்து, மணித்தியாலத்துக்கு 600 சுத்து, 30,000 ரூபா சுழலுது. 5 வீதம் 1,500 ரூபா. கையில 3,000 வைச்சிருக்கிறவர் சராசரியா ரெண்டு மணித்தியாலத்தில வெறுங்கை, "95 வீதம் திருப்பிக் குடுக்கிறம்" எண்டு அவன் சொன்னது பொய்யும் இல்லை. இடைக்கிடை, எப்ப எண்டு தெரியாமல் கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை இறுக்குது எண்டு ஸ்கின்னர் புறாவில காட்டினது. 304 விளையாடி இரவு 500 ரூபா தோக்கிறவர் சீட்டுக் கலைக்கிற நேரத்தில மூச்சு விடுவார். செயலியில சீட்டுக் கலைக்கிற நேரம் இல்லை.

வீட்டில செய்யக்கூடியது: சம்பளக் கணக்கை ரெண்டு ஒப்பக் கணக்கா மாத்துறது, அட்டையின்ர இணையப் பாவனையை வங்கியில சொல்லி நிப்பாட்டுறது, ஒவ்வொரு கழிவுக்கும் குறுஞ்செய்தி வீட்டுக்காரரின்ர இலக்கத்துக்கு. கடனை அடைச்சுக் குடுக்கிறது கடைசி வேலை. அதை முதல் செய்தால் புதுக் கடனுக்கு இடம் கிடைக்குது.

மருந்துச்சீட்டு | 2025.03.12, காலை 7.03

ஒரு சின்ன ஒட்டு. பார்க்கின்சன் நோய்க்கு பிரமிபெக்சோல் வகை மருந்து எடுக்கிற ஐயா ஒருத்தர் திடீரெண்டு லொத்தர் கட்டுக் கட்டா வாங்கத் தொடங்கினால் புத்தி சொல்லிக்கொண்டு இராதையுங்கோ. மருந்தின்ர பக்கவிளைவா இருக்கலாம். தானா நிப்பாட்டவும் வேண்டாம், எழுதின வைத்தியருக்குச் சொன்னால் குறைச்சு மாத்துவார்.

வடலி | 2025.03.12, இரவு 8.40

சரி, என்ர முதல் கேள்வி நடுவில நிக்குது. யாழ்ப்பாணத்துக்கு எண்டு எத்தினை வீதம்? ஆஸ்பத்திரிக்கு வாற ஆக்கள் வருசா வருசம் கூடினம். பிடிபடுற கேரளக் கஞ்சாவும் கூடுது. அதுவே காணாதோ?

கணக்கன் | 2025.03.12, இரவு 11.20

காணாது. ஒரு புதுக் கிளினிக் திறந்தால் வாற ஆக்கள் கூடுவினம், ஊரில நோயாளி கூடினது எண்டு அர்த்தமில்லை. மாதகல் பக்கம் கடற்படை ரோந்து கூடினால் பிடிபடுற கிலோவும் கூடும். ரெண்டும் வேலை செய்யிறவையின்ர அளவைக் காட்டுது.

வீதம் வேணுமெண்டால் எண்ணத்தான் வேணும். ஒரு சனசமூக நிலையமே செய்யலாம், பெரிய வித்தை இல்லை. ±5 வீதப் பிழைக்குள்ள நிக்க 384 பேர் வேணும், வராதவையைச் சேர்த்து 450 எடுங்கோ. கிராம சேவையாளர் பிரிவின்ர வாக்காளர் இடாப்பை எடுத்து மொத்தத்தை 450ஆல் பிரியுங்கோ, வாற இலக்கத்துக்கு ஒராள். தெரிஞ்ச வீட்டுக்கு மட்டும் போனால் எல்லாம் கெட்டுது. மதுக்கு ஓடிற் (AUDIT) எண்ட 10 கேள்வித் தாள் இருக்கு, 0–40 புள்ளி, 8உம் அதுக்கு மேலயும் எண்டால் கவனம், 20உம் அதுக்கு மேலயும் எண்டால் தங்கியிருத்தலுக்குச் சோதிக்கவேணும். புகைக்கு ஃபாகர்ஸ்ட்ரோம் 6 கேள்வி, 0–10. பேர் எழுதவிடாதையுங்கோ. தாளைத் தானே நிரப்பி, தானே பெட்டியில போடவேணும். ஊர்ப் பெரியவர் பக்கத்தில நிண்டு "எங்கட ஊரில அப்படி ஒண்டும் இல்லை" எண்டு சொல்லிக்கொண்டிருந்தால் 0.5 வீதம்தான் வரும்.

தவறணை ஓரம் | 2025.03.13, காலை 6.10

450 வீட்டுக்கும் பின்னேரம் ஆறு மணிக்குப் போவியளோ? அந்த நேரம் நீங்கள் தேடுற ஆள் வீட்டில இரான்.

கணக்கன் | 2025.03.13, காலை 6.35

நல்ல கேள்வி. வீட்டில இல்லாதவர், மறியலில இருக்கிறவர், வாடியில படுக்கிறவர், இடாப்பில பேரே இல்லாதவர்: கூடப் பாவிக்கிறவை இந்த நாலுக்குள்ளதான் கூட. அதால வீட்டுக்கணக்கு எப்பவும் குறைவாத்தான் காட்டும், ஹெரோயினுக்கு மிகக் குறைவா. முதல் தரம் இல்லாட்டி வேற நாள், வேற நேரம், மூண்டு தரம் வரை போகவேணும். பக்கத்து வீட்டுக்காரரைப் பதிலுக்கு எழுதக்கூடாது. காலை 6 மணிக்கு ஒரு தரம் போய்ப் பாருங்கோ, கடலுக்குப் போனவரும் வந்திருப்பார். ஹெரோயினுக்கு வேற முறை: கிளினிக் பட்டியல், பொலிஸ் பட்டியல் ரெண்டையும் பேரில்லாமல் குறியீட்டால பொருத்திப் பார்த்து, ரெண்டிலயும் இருக்கிறவை எத்தினை பேர் எண்டதை வைச்சு ரெண்டிலயும் இல்லாதவையைக் கணிக்கிறது. 100 பேர் ஒண்டில, 80 பேர் மற்றதில, 20 பேர் ரெண்டிலயும் எண்டால் ஊரில மொத்தம் 100 × 80 ÷ 20 = 400. ரெண்டு பட்டியலும் ஒண்டை ஒண்டு சாராமல் இருந்தால்தான் இது சரி. பொலிஸே ஆளைக் கிளினிக்குக்கு அனுப்புற ஊரில 20 எண்டது 50 ஆகி, 400 எண்டது 160ஆச் சுருங்கிடும்.

வடலி | 2025.03.13, இரவு 9.02

இடாப்பு எங்கட பிரிவுக்கு எடுத்திருக்கிறம். 2,712 பேர். ஆறுக்கு ஒராள் வருகுது. ஓடிற் தாளின்ர தமிழ் வடிவம் ஆரிட்டையாவது இருந்தால் போடுங்கோ. கள்ளை எந்தப் போத்தல் அளவில கேட்கிறது எண்டதையும் தவறணை ஓரம் எழுதிவிடுங்கோ.

தவறணை ஓரம் | 2025.03.14, காலை 5.50

750 மி.லி. போத்தல் எண்டு கேளுங்கோ. பிளாவில (பனையோலையில மடிச்ச கோப்பையில) குடிக்கிறவரிட்ட பிளாவை வாங்கித் தண்ணி விட்டு அளந்து எழுதுங்கோ, ஒவ்வொருத்தரும் மடிக்கிற அளவு வேற.